ட்ரம் தொகுதியொன்றின் காலத்தை நிர்ணயித்தல்: சிக்காகோவின் லட்விக் முரசுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

காலநிர்ணயம் என்றதும் எமது நினைவுக்கு வருவன கல்வெட்டுகளும் ஏட்டுச் சுவடிகளும் மட்கல ஓடுகளுமே. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தொழிற்சாலையொன்றில் ஆயிரக்கணக்கிற் செய்து விற்கப்பட்ட இசைக்கருவிக்கும் அத்தகைய ஆய்வு வேண்டுமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே. தொழிற்சாலைப் பொருளுக்குத் தொடரிலக்கம் உண்டு. இலக்கத்தைப் பதிவேட்டில் ஒப்புநோக்கினால் ஆண்டு தெரிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பிழையானது என்பதனை, 20ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாக அறியப்பட்ட ட்ரம் தொகுதிகளுள் ஒன்றான லட்விக் கருவிகளைக் கொண்டு இங்கு விளக்க முயல்கின்றோம்.

இவ்விடயம் வெறும் சேகரிப்பாளர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. 2015ஆம் ஆண்டில், பீற்றில்ஸ் குழுவினரான றிங்கோ ஸ்ரார் முதன்முதலில் வாங்கிய லட்விக் தொகுதி ஏலத்தில் 20 இலட்சம் டொலருக்கு மேலான விலைக்குப் போயிற்று. அதே தொழிற்சாலையில், அதே ஆண்டில், அதே மரத்தாலும் அதே கைகளாலும் ஆக்கப்பட்டு, பெயர் தெரியாத விடுதி இசைஞர் ஒருவரால் வாசிக்கப்பட்ட தொகுதிக்கு அத்தொகையின் மிகச் சிறு பின்னமே கிடைக்கும். புகழ்பெற்ற உரிமையாளர் இல்லாதவிடத்து, விலையை ஏற்றி இறக்கும் முதன்மையான காரணிகளுள் ஒன்றாக ஆண்டு அமைந்துவிடுகின்றது. 1960களின் முற்பகுதிக்குரியது என்று நிறுவப்படும் தொகுதி, 1970களின் பிற்பகுதிக்குரியதிலும் பார்க்க உயர்ந்த விலை பெறுவது வழக்கம். ஆண்டே விற்பனைப் பொருளாகிவிட்ட நிலையில், அதனைச் சொல்பவர் விற்பவராகவும் இருத்தல் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டியதொன்றாகும்.

முதலில், ட்ரம் தொகுதி என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். காலால் ஒலிக்கப்படும் பெருமுரசு, அடித்தோலின் கீழே கம்பிச் சுருள்கள் படிந்து அதிரும் ஸ்னெயர், ஒன்றோ பலவோவான டொம்டொம்கள், சிம்பல்கள் எனப்படும் வெண்கலத் தாளத்தட்டுகள் ஆகியன இதன் உறுப்புகள். இவை ஒருங்கே பிறந்தவையல்ல. பெருமுரசும் ஸ்னெயரும் ஐரோப்பியப் படையணி வாத்தியங்கள். சிம்பல் செய்யும் நுட்பம் துருக்கியிலிருந்து சென்றது. சில்ஜியன் என்ற ஆர்மேனியக் குடும்பத்தினர் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று 1929இல் மசச்சூசெற்ஸில் உற்பத்தியைத் தொடங்கினர். தோலை ஆணியால் அறைந்து, பக்கங்களில் வர்ண ஓவியம் தீட்டிய சீன டொம்டொம்கள் அமெரிக்க நகரங்களின் சீனக் குடியேறிகளிடமிருந்து பெறப்பட்டன. இவை யாவற்றையும் ஒரே மனிதனின் கைகால்களுக்குள் அடக்கி, அவற்றிற்கு ஒரு மொழியையும் இலக்கணத்தையும் வகுத்தளித்தவர்களுள் முதன்மையானோர் பேபி டொட்ஸ் முதலான நியூ ஓர்லியன்ஸ் கறுப்பின இசைஞர்கள்.

இந்த இணைப்பின் பின்னால் ஒரு பொருளாதார நியாயமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நாடகக் கொட்டகை இசைக்குழுவில் பெருமுரசுக்கு ஒருவரும் ஸ்னெயருக்கு ஒருவருமாகக் குறைந்தது இருவர் வேண்டியிருந்தனர். மேடைகள் குறுகியவை, கூலியோ இரட்டிப்பு. காலால் மிதித்துப் பெருமுரசை ஒலிக்கச் செய்யும் பெடல் வந்ததும் இருவர் வேலையை ஒருவர் செய்யலாயினார். அக்காலத்து மரப் பெடல்கள் ராக்ரைம் இசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அவ்வாறான கொட்டகைகளில் முரசு வாசித்து வந்த வில்லியம் லட்விக் என்ற ஜெர்மானியக் குடியேறி, வேகமாக மீளும் பெடல் ஒன்றை உருவாக்கி, 1909இல் தம் சகோதரர் தியோபால்டுடன் சேர்ந்து சிக்காகோவில் லட்விக் அன்ட் லட்விக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆளைக் குறைத்த கருவியின் மீதே இந்நிறுவனம் எழுந்தது என்பது சுவையான முரண். ஏனெனில் 1927க்குப் பின்னர் பேசும் படம் வந்து கொட்டகை இசைஞர்களைக் கூட்டங்கூட்டமாக வெளியே அனுப்பியபோது, அந்த வீழ்ச்சி நிறுவனத்தையும் தொட்டது. 1929இல் அது கொன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, உற்பத்தி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகருக்கு மாற்றப்பட்டது.

இங்கிருந்துதான் காலநிர்ணயத்துக்குரிய முதற் சான்று கிடைக்கின்றது. லட்விக் 1937இல் மீண்டும் சிக்காகோவில், டேமன் அவெனியூவில், தனியாகத் தொழில் தொடங்கினார். தம் சொந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. அது கொன் நிறுவனத்தின் சொத்தாயிற்று. ஆகவே தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ. எஃப். எல். என்று கருவிகளுக்குப் பெயரிட்டார். 1955இல்தான் தம் பெயரைத் தாமே விலைகொடுத்து மீட்டார். எனவே 1937க்கும் 1955க்கும் இடையில் லட்விக் என்ற பெயர் தாங்கிய முரசு லட்விக் செய்ததன்று. லட்விக் செய்தது அப்பெயரைத் தாங்கியதன்று. பெயரை மட்டும் பார்த்து மரபு கற்பிப்போர் இடறி விழும் இடம் இது. 1955க்குப் பின்னரும் சில ஆண்டுகள் இரு பெயர்களும் கலந்து வழங்கின.

இக்காலப்பகுதிக்குள் மிகத் துல்லியமாகக் காலங்காட்டும் கருவிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தவையே. தோலை இழுத்துப் பிடிக்கும் திருகாணிகள், கூட்டின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பற்றிகளினுள்ளே இறங்கும். அமெரிக்கர் இவற்றை லக் என்பர்; வழமையாக இவை உலோக வார்ப்புகள். 1942இல் அமெரிக்க அரசு போர்த் தேவையின் பொருட்டு இசைக்கருவிகளில் உலோகம் முதலான அத்தியாவசியப் பொருள்களின் அளவை எடையில் 10 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. உடனே நிறுவனங்கள் பற்றிகளை மரத்திற் கடைந்தன. வளையங்களையும் மரத்திற் செய்தன. டபிள்யூ. எஃப். எல். தனது போர்க்கால வரிசைக்கு ‘விக்ரோறியஸ்’ என்றும், ஸ்லிங்கர்லண்ட் தனது வரிசைக்கு ‘றோலிங் பொம்பர்’ என்றும் பெயரிட்டன. போர் முடிந்ததும் உலோகம் மீண்டது. மரப் பற்றியுள்ள அமெரிக்க முரசு ஒன்றைக் கண்டால், அதன் காலத்தைப் பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். நிறுவனம் வெளியிட்ட எந்த இலக்கமும் தராத உறுதியை ஓர் அரசாணை தந்துவிடுகின்றது.

இனி, சந்தையில் மிகுதியாகப் பேசப்படும் 1960களுக்கு வருவோம். 1960 அளவில் லட்விக் நிறுவனம் பித்தளையிலான புதிய இலச்சினைத் தகட்டை அறிமுகப்படுத்தியது. கல் வளைவின் உச்சியில் வைக்கப்படும் ஆப்பு வடிவக் கல்லை ஒத்திருந்தமையால் அது கீஸ்ரோன் தகடு எனப்பட்டது. முரசின் காற்றுத்துளையில் செருகப்படும் கண்ணியே இத்தகட்டையும் பிடித்து நிற்கும். தொடக்கத்தில் இதில் இலக்கம் எதுவும் இல்லை. 1963 இறுதியளவிலேயே தொடரிலக்கம் பொறிக்கப்படலாயிற்று. 1969 அளவில் நீலமும் ஒலிவ் நிறமும் கொண்ட, கூர்முனைகளையுடைய வேறு தகடு வந்தது. ஆகவே இலக்கமற்ற கீஸ்ரோன் தகடு 1960 முதல் 1963 வரையான காலத்தையும், இலக்கமுள்ள கீஸ்ரோன் தகடு 1963 இறுதியிலிருந்து 1969 வரையான காலத்தையும் சுட்டும். இவ்வளவும் பயனுள்ள அறிவே.

சிக்கல் அடுத்த படியில் தோன்றுகின்றது. இலக்கத்தைக் கொண்டு குறித்த ஆண்டையும் மாதத்தையும் பெறலாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. எந்த இலக்கம் எந்த நாளில் எந்த முரசில் இடப்பட்டது என்ற பதிவேட்டை நிறுவனம் பேணவில்லை. தகடுகள் இலக்கமிடப்பட்டுப் பெட்டிகளில் வந்தன. முரசைப் பூர்த்தி செய்யும் தொழிலாளி பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்துப் பொருத்தினார். பெட்டியின் அடியில் தங்கிய தகடு நெடுநாள் பின்னர் வெளிவந்திருக்கவும் கூடும். இன்று வழங்கும் இலக்க அட்டவணைகள், நாள் முத்திரையும் இலக்கமும் ஒருங்கே காணப்படும் முரசுகளைப் பிற்கால ஆர்வலர் திரட்டி ஒப்பிட்டு ஊகித்தவை. அவர்களது உழைப்பு போற்றத்தக்கது. எனினும் அதனை நிறுவனத்தின் ஆவணமாகக் கொள்வது, உரையாசிரியர் கூற்றை மூலபாடமாகக் கொள்வதற்கு ஒப்பானது.

அக்காலத்து உற்பத்திச் சூழலும் இக்குழப்பத்துக்குத் துணைபோயிற்று. 1963இன் முற்பகுதியில் றிங்கோ ஸ்ரார் லண்டனிலுள்ள ட்ரம் சிற்றி என்ற கடையில் லட்விக் தொகுதியொன்றை வாங்கினார். 20 அங்குலப் பெருமுரசைக் கொண்ட அத்தொகுதியின் முன்தோலில் குழுவின் பெயரோடு லட்விக் என்ற சொல்லும் இடம்பெற்றது. 1964 பெப்ரவரி 9ஆம் நாள் பீற்றில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்றியபோது ஏறத்தாழ 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தனர் எனக் கணிக்கப்பட்டது. அவர்கள் அனைவரது கண்முன்னும் அப்பெயர் நின்றது. நிறுவனம் இதற்காக ஒரு சதமும் செலவிடவில்லை என்பர். டேமன் அவெனியூத் தொழிற்சாலை இரவுபகலாக இயங்கவேண்டியதாயிற்று. இத்தகைய நெருக்கடியில் தகடுகளை இலக்க ஒழுங்கில் எடுத்து அடிக்குமாறு எவரும் கேட்டிருப்பார் என்று எதிர்பார்த்தல் தகாது. ஒழுங்கான பதிவேடு என்பது பிற்காலச் சேகரிப்பாளரின் தேவை. கருவியைச் செய்தவரின் தேவையன்று.

ஆகவே தகட்டிலிருந்து கண்ணை எடுத்து முரசின் உட்புறத்தை நோக்குதல் வேண்டும். தோலைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கவேண்டும். பெரும்பாலான விற்பனையாளர் தரும் படங்களில் இல்லாதது இதுவே. ஏறத்தாழ 1962 வரை லட்விக் கூடுகளின் உட்புறம் வெண்ணிறப் பூச்சுப் பெற்றிருந்தது. அதன்பின் றெசாகோட் எனப்பட்ட, சாம்பல் நிறத்தில் புள்ளி சிதறிய பூச்சு வந்தது. 1968 அளவில் அதுவும் கைவிடப்பட்டு, மரத்தின் இழை தெரியும் தெளிந்த மெருகு இடப்படலாயிற்று. கூட்டின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. மூன்று படைகளாக மரத்தகடுகளை ஒட்டி வளைத்து, இரு விளிம்புகளிலும் வலுவூட்டும் மரவளையம் வைப்பது பழைய முறை. 1976 அளவில் வளையமற்ற ஆறு படைக் கூடு இதன் இடத்தைப் பிடித்தது. தகட்டை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். கூட்டின் படைகளை மாற்ற இயலாது.

உட்பூச்சின் மேல் சில முரசுகளில் சிவப்பு மையினால் இறப்பர் முத்திரை குத்தப்பட்டிருக்கும்: மாதம், நாள், ஆண்டு. சில தலைகீழாக உள்ளன. சில பாதி மட்டுமே பதிந்துள்ளன. பல முரசுகளில் முத்திரையே இல்லை. இவை வாங்குவோர் பார்ப்பதற்காக இடப்பட்டவையல்ல. தொழிற்சாலையின் உள்வேலைக்காக, பெயர் பதியப்படாத ஒரு தொழிலாளியின் கை இட்டுச்சென்ற அடையாளம் அது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி வெளியே பொறித்த இலக்கத்திலும், அதன் தொழிலாளி உள்ளே கவனமின்றிக் குத்திய முத்திரையே நம்பத்தக்க சான்றாக எஞ்சியிருக்கின்றது. ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. முத்திரை கூட்டின் நாளைத் தரும். முரசு பூர்த்தியான நாளையோ விற்கப்பட்ட நாளையோ அது தராது. கூடு மாதக்கணக்கிற் களஞ்சியத்தில் கிடந்திருக்கலாம். எனவே “இதற்கு முந்தியதன்று” என்ற எல்லையே எமக்குக் கிடைக்கின்றது. சுவடியில் பெயர் குறிக்கப்பட்ட அரசனின் காலம் நூலுக்கு மேலெல்லையாவது போன்றதே இதுவும்.

பிற நிறுவனங்களில் இதே முறை வேறு அடையாளங்களோடு செல்லும். கிறெற்ஷ் முரசுகளில் 1970களின் தொடக்கம்வரை வட்டத் தகடும் பின்னர் எண்கோணத் தகடும் உள்ளன. உட்புறம் வெள்ளி நிறப் பூச்சு. ஸ்லிங்கர்லண்ட் தகட்டில் நைல்ஸ் என்ற ஊர்ப்பெயர் இருந்தால், நிறுவனம் 1960இல் சிக்காகோவிலிருந்து அங்கு சென்ற பின்னரே அது பொருத்தப்பட்டது. இவற்றை விரித்தல் இங்கு வேண்டியதில்லை.

முறையைச் செயலிற் காண்பதற்குக் கற்பனையான தொகுதியொன்றை எடுத்துக்கொள்வோம். வெண்முத்து நிறச் செலுலோயிட் உறை போர்த்த நான்கு முரசுகள். விற்பவர் “1962ஆம் ஆண்டுத் தொகுதி” என்கின்றார். 22 அங்குலப் பெருமுரசில் இலக்கமற்ற கீஸ்ரோன் தகடு; உள்ளே வெள்ளைப் பூச்சு; முத்திரை இல்லை. 13 அங்குல டொம்டொம்மில் இலக்கமற்ற தகடு. உள்ளே சாம்பற் புள்ளி. 1962 ஒக்ரோபர் என்ற சிவப்பு முத்திரை. தரையில் நிற்கும் 16 அங்குல டொம்டொம்மில் இலக்கமுள்ள கீஸ்ரோன் தகடு, சாம்பற் புள்ளி. ஸ்னெயரோ நீல ஒலிவ் தகடு தாங்கிய உலோக முரசு.

விற்பவரின் ஆண்டு ஒரேயொரு முரசின் ஒரேயொரு முத்திரையிலிருந்து பெறப்பட்டுத் தொகுதி முழுமைக்கும் நீட்டப்பட்டது என்பது உடனே புலனாகும். பெருமுரசும் சிறிய டொம்டொம்மும் ஒன்றாகவே கடையை விட்டு வந்திருத்தல் கூடும். பூச்சு வேறுபடுவது அதற்குத் தடையன்று, ஏனெனில் பூச்சு மாறிய காலத்தில் பழைய வெள்ளைக் கூடுகளும் புதிய கூடுகளும் களஞ்சியத்தில் அருகருகே இருந்திருக்கும். தரை டொம்டொம் 1963 இறுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஸ்னெயர் 1969க்குப் பிந்தியது. அதன் உலோகமும் இதற்கு இசைவாகவே இருத்தல் வேண்டும்: சூப்பறாஃபொனிக் எனப்பட்ட இவ்வகை முரசு தொடக்கத்தில் குறோமியம் பூசிய பித்தளையால் ஆயது, 1963 அளவிலிருந்து அலுமினியக் கலப்புலோகத்தால் ஆயது. பின்னையது எடையிற் குறைவு; அதன் குறோமியம் காலப்போக்கில் குழிவிட்டு உரியும்.

சந்தையின் மொழியில் இது “கலப்புத் தொகுதி”, ஆகவே மலிவு. இங்கேயே எமது முதன்மையான கருத்து வேறுபாடு எழுகின்றது. இந்த நான்கு முரசுகளின் உறையையும் பார்ப்போம். வெண்முத்துச் செலுலோயிட் ஒளியாலும் புகையாலும் பழுப்பேறும். பற்றியின் அடியில் ஒளி படாத இடம் மாத்திரம் பழைய வெண்மையோடு இருக்கும். ஒரு பற்றியைக் கழற்றினால் அதன் நிழல் போன்ற வெண்தடம் தெரியும். தடத்தின் வடிவம் பற்றியின் வடிவத்தோடு பொருந்தாவிட்டால் பற்றி மாற்றப்பட்டதாகும். பெருமுரசிலும் இரு டொம்டொம்களிலும் பழுப்பு ஒரே அளவில் ஏறியிருக்குமாயின், பிறந்த ஆண்டு வேறாயினும் அவை நெடுங்காலம் ஒரே அறைகளில் வாழ்ந்தன என்று கொள்ளலாம். குறைந்த பணத்தோடு இரண்டு முரசில் தொடங்கிய இசைஞர் ஒருவர், வருவாய் வந்தபோது மூன்றாவதைச் சேர்த்து, சில ஆண்டுகளின் பின் தேய்ந்த ஸ்னெயரை மாற்றினார் என்ற வரலாறு அங்கே எழுதப்பட்டிருத்தல் கூடும். உழைத்து உண்ட ஒருவரின் தொகுதி பெரும்பாலும் இவ்வாறுதான் வளர்ந்திருக்கும். ஒரே நாளில் வாங்கி, மாற்றமின்றி, கீறலின்றிக் கிடக்கும் தொகுதியோ, அதிகம் வாசிக்கப்படாத தொகுதியாகவே பெரும்பாலும் இருக்கும். “முழுமையான மூலம்” என்று சந்தை மதிப்பது உண்மையில் இசைக்கப்படாமையையே.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஒரே ஆண்டுக்குரிய தொகுதிக்கு விலை கூடுதலாகக் கிடைப்பதால், இத்தகைய தொகுதிகள் கலைக்கப்படுகின்றன. தரை டொம்டொம் ஒருவரிடம், ஸ்னெயர் இன்னொருவரிடம். வேறெங்கிருந்தோ வந்த இலக்கமற்ற முரசு அவ்விடத்தை நிரப்பும். கீஸ்ரோன் தகடுகள் தனியாகவும் விற்கப்படுகின்றன. சிலர் உட்பூச்சைச் சுரண்டி மரத்தை மெருகிடுவர். அதனோடு சிவப்பு முத்திரையும் மரத்தூளாகிப் போய்விடும். இன்னொருவர் முத்திரையைப் புதிதாகக் குத்துவதும் கடினமான காரியமன்று. இரு தோல்களையும் கழற்றிக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் ஆண்டைக் கேட்பதிற் பயனில்லை என்பதே எமது கருத்து. தோல்கள்தாமும் சான்றாகா, அவை தேய்ந்து மாற்றப்படுபவை. கன்றுத்தோலின் இடத்தை 1957 முதல் றீமோ நிறுவனத்தின் மைலார் பிளாஸ்ரிக் தோல்கள் பிடிக்கலாயின. பழைய முரசில் பிளாஸ்ரிக் தோல் இருப்பது இயல்பே.

லட்விக் நிறுவனம் 1981இல் செல்மர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உற்பத்தி 1984இல் வட கரோலினாவின் மொன்றோ நகருக்கு மாற்றப்பட, டேமன் அவெனியூத் தொழிற்சாலை மூடப்பட்டது. பூச்சு மாறிய மாதம், தகடு தீர்ந்த வாரம், முத்திரை குத்தியவரின் பெயர் ஆகியனவற்றை அங்கு கேட்டறிய இனி எவரும் இல்லை. எஞ்சியிருப்பவை முரசுகளே. ஆகவே அருங்காட்சியகமோ தனியாரோ இத்தகைய தொகுதியைப் பதியும்போது ஒற்றை ஆண்டைத் தவிர்த்து உறுப்புத் தோறும் பதிதல் வேண்டும். நாம் மேலே கண்ட தொகுதிக்குரிய பதிவு இவ்வாறு அமையலாம்: பெருமுரசு, 1960 முதல் 1962 வரை, உட்பூச்சு கலைக்கப்படவில்லை, சிறிய டொம்டொம், கூடு 1962 ஒக்ரோபர், பூர்த்தியானது அதன்பின், தரை டொம்டொம், 1963 இறுதிக்கும் 1968க்கும் இடையில், ஸ்னெயர், 1969 அல்லது அதன்பின், முதல் மூன்றின் உறையும் ஒரே அளவிற் பழுப்பேறியவை, நான்கும் ஒரே இசைஞரிடமிருந்து பெறப்பட்டவை, பிரிக்கப்படலாகாது.